நேர் கிழக்கு

பஞ்சை நனைத்துப் பிழிந்து அப்பாவின் உதடுகளில் ஒற்றிக்கொண்டிருந்தபோது கதவில் விரல் தட்டும் ஓசை கேட்டது. அந்தப் பராமரிப்பு இல்லத்தில் கதவைத் தட்டிவிட்டு வருகிறவர் ஒருவர்தான். நர்ஸுகள் தோளால் தள்ளிக்கொண்டு வருவார்கள். தரை துடைக்கும் அம்மாள் வாளியால் முட்டித் திறப்பாள். சமூகப் பணியாளர் மட்டும் தட்டுவார். உள்ளே படுத்திருப்பவருக்கு நினைவு இருந்தாலும் தட்டுவார், இல்லாவிட்டாலும் தட்டுவார். தட்டிவிட்டுப் பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்தும் நிற்பார்.

"வாங்க" என்றாள் மகள், அப்பாவுக்காக.

சமூகப் பணியாளர் முக்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். படுத்திருப்பவர்களிடம் நின்றுகொண்டு பேசுவது அவருக்கு ஆகாது. அப்பாவின் காதருகே குனிந்து, "ஐயா, கேள்விக்காரி வந்திருக்கேன்" என்றார்.

அது அங்கிருந்த கிழவர்கள் வைத்த பெயர். புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் டாக்டர் ரத்த அழுத்தம் கேட்பார், அலுவலகத்தில் முகவரி கேட்பார்கள். இவரோ, "மத்தியானம் தூங்கி எழுந்ததும் கண்ணு யாரைத் தேடும்?" என்று கேட்பார். "கோபம் வந்தா கத்துவீங்களா, சாப்பிடாம படுத்துக்குவீங்களா?" என்று கேட்பார். பெற்ற பிள்ளைகளுக்கே விடை தெரியாத கேள்விகள். கேட்டுவிட்டு, வந்த பதிலை வைத்துக்கொண்டுதான் யாரை எந்த அறையில் யாரோடு போடுவது என்று முடிவு செய்வார்.

முந்தின நாளே டாக்டர் வந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி ஊசி மருந்தால் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. வரும், தயங்கும், மறுபடி வரும்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேக்கத்தானே வந்திருக்கீங்க."

"பழைய ரூம்ல இருக்காரே, அவர் ஐயாவைப் பாக்கணும்னு சொல்றார்."

மகளின் கையில் பஞ்சு அப்படியே நின்றது. "யாரு, அந்தக் கப்பல்காரரா?"

"ஆமா."

"வேண்டாம்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. "இவ்வளவு பட்டது போதும். போற நேரத்துலயாவது அப்பா நிம்மதியா இருக்கட்டும்."

சமூகப் பணியாளர் வற்புறுத்தவில்லை. அப்பாவின் புறங்கையைத் தன் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் வெளியில பெஞ்சுலதான் இருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மகள் ஒரு நூலகர். வாய்ச்சண்டை ஓயாத வீட்டில் பிறந்த பெண், வாயே திறக்கக் கூடாத இடத்தில் வேலை தேடிக்கொண்டாள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வதுண்டு. கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. அப்பா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவர். ஊரான் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்து வரப்புச் சண்டை தீர்த்து வைத்தவர், வீட்டுக்கு வந்ததும் தன் பங்குச் சண்டையைத் தொடங்கிவிடுவார். மழை வரும் என்பார் அப்பா. துணி காயப்போட்டாச்சு, வராது என்பாள் அம்மா. போர்வையை நீளவாக்கில் மடிப்பதா அகலவாக்கில் மடிப்பதா என்று ஒரு மாலை முழுக்க ஓடியிருக்கிறது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று இருவருமே நிற்பார்கள், ஆளுக்கொரு முயலோடு. அடுத்த அறையில் தலையணைக்கடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அந்தச் சிறுமி நினைத்துக்கொள்வாள், பெரியவளானால் சத்தமே இல்லாத வீட்டில் இருப்பேன் என்று.

அம்மா போன பிறகு அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். முழங்கால் விட்டுப்போனது, இரண்டு தடவை விழுந்தார், வேலைக்குப் போகிற மகளால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். சேர்த்த கையோடு, "அப்பாவை யாரும் எதிர்த்துப் பேசிடாதீங்க, ப்ளீஸ்" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டாள். பார்த்தால், அவரைப் போட்டிருந்தது ஒரு கப்பல்காரரோடு. உலகமெல்லாம் சுற்றியவர், சக்கர நாற்காலியில் இருந்தாலும் வாய் மட்டும் இன்னும் கடலில்தான் இருந்தது.

அவள் பார்க்க வந்த ஒரு நாள், நடைபாதையிலேயே சத்தம் கேட்டது.

"இது கிழக்கா? வடகிழக்குய்யா! நீயெல்லாம் ஒரு சர்வேயர்! எத்தனை பேர் நிலத்தைக் கோணலா வெட்டிக் குடுத்தியோ!"

"நீ ஓட்டின கப்பல் எந்தக் கரையில போய் முட்டுச்சோ! நேர் கிழக்குய்யா இது! நேர் கிழக்கு!"

ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான் விஷயம். உள்ளே போனால், அப்பாவின் முகம் சிவந்திருந்தது, கைத்தடியைக் கட்டில் காலில் மோதிக்கொண்டிருந்தார், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நேராக நிர்வாகியிடம் போய், அறையை மாற்றச் சொல்லிக் கறாராகக் கேட்டாள். அதுவரை அவள் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

அப்படிக் கிடைத்ததுதான் இந்த அறை. கட்டடத்தின் பின்கோடியில், ஒற்றைக் கட்டில். ஜன்னலைத் திறந்தால் சலவைக்கூடத்தின் சுவர். வெயில் வராது, ஆள் அரவம் கிடையாது. சலவை இயந்திரம் சுற்றும் மெல்லிய உறுமல் மட்டும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். அறை மாறிய புதிதில் அப்பா, "இது எந்தப் பக்கம் பாத்த ரூம்?" என்று கேட்டார். "எந்தப் பக்கமா இருந்தா என்னப்பா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். சாப்பிடுங்கப்பா, சரி. படுங்கப்பா, சரி. பழுத்த பழம்போல அப்பா கனிந்துவிட்டார் என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

சலவை இயந்திரத்தின் உறுமலில் கண்கள் செருகின. இரவெல்லாம் விழித்தே கிடந்த உடம்பு நாற்காலியில் தானாகச் சாய்ந்தது.

அவள் தலையணைக்கடியில் முகம் புதைத்துக் கிடக்கிறாள். அடுத்த அறையில் அம்மாவும் அப்பாவும். என்ன சண்டை என்று புரியவில்லை, குரல்கள் மட்டும் ஏறி இறங்குகின்றன. எழுந்து போகிறாள். கதவு இருக்கும் இடத்தில் கதவு இல்லை, தண்ணீர்போல ஒரு வெளிச்சம்தான் இருக்கிறது. அதற்கு அந்தப்புறம் அம்மா கையை நீட்டி நீட்டித் திட்டுகிறாள். திட்டிக்கொண்டே குடத்திலிருந்து டம்ளரில் தண்ணீர் மொண்டு நீட்டுகிறாள். அப்பா பதிலுக்குக் கத்திக்கொண்டே அதை வாங்கிக் குடிக்கிறார். காலி டம்ளர் திரும்பி அம்மா கைக்கு வருகிறது. யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை என்பதுபோல் அது பாட்டுக்கு நடக்கிறது, சண்டை ஒரு சொல்கூட நிற்கவில்லை. சிறுமிக்குப் பயமாக இல்லை. அந்தச் சத்தத்தின் மேலேயே சாய்ந்து படுத்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது. தூக்கம் தூக்கமாக வருகிறது. அப்போது சத்தம் நிற்கிறது.

விழித்துக்கொண்டாள். சலவை இயந்திரம் நின்றிருந்தது. அறையில் ஒரு ஓசையும் இல்லை. அப்பாவின் மார்பைப் பார்த்தாள். அது எழவில்லை. "அப்பா" என்றாள். வெகுநேரம் கழித்து, எங்கோ தொலைவிலிருந்து நடந்து வந்ததுபோல், ஒரு மூச்சு வந்தது.

வாழ்நாளெல்லாம் அவள் வேண்டிக்கொண்ட அமைதி இதுதான். அந்த அமைதி அவளைப் பயமுறுத்தியது. எழுந்து கதவைத் திறந்தாள்.

நடைபாதைப் பெஞ்சில் சமூகப் பணியாளர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் கப்பல்காரர். சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, தலையை நீர் தொட்டு வாரி, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் புறப்பட்டவர்போல் இருந்தார். அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்து, ஏதும் சொல்லாமல் மூடிக்கொண்டார். அவர் வாய் மூடி அவள் பார்த்ததில்லை.

அவள் சமூகப் பணியாளருக்கு அருகில் உட்கார்ந்தாள். "அப்பாவைச் சேத்த அன்னைக்கு அவர்கிட்டயும் அந்தக் கேள்வியைக் கேட்டீங்களா? தூங்கி எழுந்ததும் யாரைத் தேடுவீங்கன்னு?"

"கேட்டேன்க்கா."

"அம்மாவைன்னு சொல்லியிருப்பார்."

"இல்லக்கா." சமூகப் பணியாளர் லேசாகச் சிரித்தார். "'எதிர்த்துப் பேச ஆள் இருக்கான்னு பாப்பேன்'னார். 'இருந்த ஒருத்தியும் போயிட்டா, இப்ப நான் சொல்றதுக்கெல்லாம் சரி சரிங்கறாங்க, செத்தவனுக்குத்தான் எல்லாரும் சரி சொல்லுவாங்க'ன்னார். அதான் தேடிப் பிடிச்சு இவர் ரூம்ல போட்டேன்."

"இந்த ஊருலயே பெரிய வாயாடி யாருன்னு தேடியிருக்கா" என்றார் கப்பல்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் மாத்தச் சொன்னப்ப நீங்க ஏன் இதைச் சொல்லலை?"

"பாதி சொன்னேன். நீங்க அழுதீங்க. மீதியைச் சொல்லலை." சமூகப் பணியாளர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "குடும்பத்தோட சண்டை வேண்டாம்னு விட்டுக்கொடுத்துட்டேன். நான் உங்ககூடச் சண்டை போட்டிருக்கணும்க்கா, அதுதான் என் வேலை. ஐயாகிட்டப் போய்க் கேட்டேன், 'ரூம் மாத்தச் சொல்றாங்க, உங்களுக்குச் சம்மதமா'ன்னு. 'என் பொண்ணு சொன்னா சரி'ன்னுட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

கனிந்துவிட்டார் என்று மகள் நினைத்தாளே, பாவி. அவர் உதிர்ந்துகொண்டிருந்திருக்கிறார்.

"விட்டுக்கொடுத்தவங்க கெட்டுப்போறதில்லைன்னு சொல்லுவாங்க" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல.

"அதைச் சொன்னவன் சர்வேயரைப் பாத்ததில்லைம்மா" என்றார் கப்பல்காரர். "அவன் போனதுலேருந்து நான் ஒத்தக் கையால தட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்தக் கட்டிலுக்கு ரெண்டு பேரைக் கொண்டாந்து போட்டாங்க. நான் வடகிழக்குன்னேன். 'அப்படிங்களா'ன்னான் ஒருத்தன். அவனோட எப்படிக் குடித்தனம் பண்றது? துரத்திட்டேன்."

அவள் எழுந்தாள். "உள்ள வாங்கய்யா. வந்து பாருங்க."

"அந்த ரூமுக்கா?" கப்பல்காரர் தலையை ஆட்டினார். "திசை தெரியாத ரூம்ல சர்வேயர்கிட்ட நான் என்னத்தைப் பேச? அவனை அங்க கொண்டாம்மா. அவன் இடம் காலியாத்தான் இருக்கு."

நர்ஸ் கூப்பிடப்பட்டார். அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இந்த நிலையில நகத்தறதா? வழியிலயே ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆகலாம்" என்றார் சமூகப் பணியாளர். "ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது நாம இல்ல. ஐயா சொல்ற நிலைமையில இல்ல. அக்காதான் அவர் இடத்துல நின்னு சொல்லணும்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொன்னாலும் நான் கூட நிக்கிறேன். ஆனா உங்க நிம்மதிக்காகச் சொல்லாதீங்க. அவர் இப்ப வாயைத் திறந்தா என்ன சொல்லுவாரோ, அதைச் சொல்லுங்க."

வழியிலேயே போய்விட்டால்? ஒரு நடைபாதையில், மின்விசிறிக்கும் மருந்து அலமாரிக்கும் நடுவில், அப்பா போய்விட்டால்? ஆனால் அப்பா என்ன சொல்லுவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நர்ஸ் முடியாது என்று சொல்லிவிட்டாரே, அந்த ஒரு காரணம் போதுமே அவருக்கு.

"தள்ளுங்க" என்றாள். குரல் நடைபாதைக் கோடிவரை கேட்டது. அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

கட்டில் சக்கரங்களின் பூட்டை விடுவித்தார்கள். தலைப்பக்கம் நர்ஸும் சமூகப் பணியாளரும் பிடித்துக்கொள்ள, மகள் அப்பாவின் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தாள். பின்னால் கப்பல்காரர் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். கட்டில் மெல்ல மிதந்து போனது. கதவுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஒரு கதவில் பல் துலக்கிக்கொண்டிருந்த கிழவர் கையைக் கீழே இறக்கினார். இன்னொன்றில் ஒரு மூதாட்டி, "சர்வேயர் ஊருக்குப் போறாரா?" என்று கேட்டாள். "ரூமுக்குப் போறார்மா" என்றார் சமூகப் பணியாளர். நடைபாதையின் பாதியில் மூச்சு நின்றது. எல்லோரும் நின்றார்கள். கப்பல்காரரின் சக்கரமும் நின்றது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வந்தது. மறுபடி தள்ளினார்கள்.

பழைய அறையின் வாசலைத் தாண்டியதும் வெயில் வந்து அவர்கள்மேல் விழுந்தது. காலை வெயில். ஜன்னல் முழுக்க நிறைந்து, தரையில் வழிந்து, கட்டிலின் கம்பிகளில் ஏறிக்கொண்டது. இத்தனை வெளிச்சத்தைவிட்டு அப்பாவை அந்தச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தோமே என்று அவளுக்குத் தாளமுடியவில்லை. கட்டிலை ஜன்னலைப் பார்த்து நிறுத்தினார்கள். கப்பல்காரர் தன் நாற்காலியைத் தலைமாட்டில் இடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"யோவ் சர்வேயரே. வந்து சேந்தியா?"

பதில் வரும் அளவுக்கு இடம் விட்டுவிட்டு அவர் தொடர்ந்தார்.

"நீ இல்லாத நேரத்துல நான் நல்லா விசாரிச்சுட்டேன். இந்த ஜன்னல் வடகிழக்கு."

இடம் விட்டார். அந்த இடத்தில் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று மகளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்னது? என் சங்கிலியைக் கொண்டா, அளந்து பாப்போம்கறியா? சங்கிலியால திசையை அளக்கறவனை இங்கதான்யா பாக்கறேன்." திட்டிக்கொண்டே போர்வை நுனியை எடுத்து அப்பாவின் தோள்வரை இழுத்துவிட்டார். "நட்சத்திரத்தைப் பாத்து ஓட்டினவன் நான். என்கிட்டயா? சரி, நீ பெரியவன், உனக்காக இறங்கி வரேன். வடகிழக்கு வேண்டாம். தெற்குன்னு வெச்சுக்குவோம்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். தெற்கா? காலை வெயில் முகத்தில் அடிக்கும் ஜன்னலையா தெற்கு என்கிறார்?

"ஆமாய்யா, தெற்கு. என்ன இப்போ? சுத்தமான தெற்கு. பேசு. பேச மாட்டே? அப்ப தெற்குதான். மௌனம் சம்மதம். எல்லாரும் கேட்டுக்கங்க, சர்வேயர் ஒத்துக்கிட்டான், ஜன்னல் தெ..."

அப்பாவின் புருவம் சுருங்கியது.

யாரும் அசையவில்லை. காய்ந்த உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிந்தன. தொண்டையில் ஏதோ உருண்டது. மகள் குனிந்து காதை அவர் வாயருகே வைத்தாள்.

"கி..." என்றார் அப்பா. இளைத்து, மறுபடி எங்கிருந்தோ திரட்டிக்கொண்டு, "...ழக்கு."

"அப்படிச் சொல்லு!" என்று கப்பல்காரர் கட்டில் விளிம்பைத் தட்டினார். கண்ணீர் அவர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பொருட்படுத்தாமல், "ஆனா தப்பு. மறுபடி சொல்றேன், கேட்டுக்க..." என்று தொடங்கினார். நட்சத்திரங்கள், நீரோட்டம், ஏதோ ஒரு துறைமுகத்தின் விளக்கு, யாரோ ஒரு முட்டாள் மாலுமி என்று போய்க்கொண்டே இருந்தார். சுருங்கிய புருவம் அப்படியே இருந்தது. ஒப்புக்கொள்ளாத முகம். வீட்டில் நாள்தோறும் பார்த்த முகம். மகள் கையை விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெயில் போர்வையின்மேல் ஏறியது. குரல் ஏறி இறங்கியது. அவளுக்குத் தூக்கம் வரும்போல் இருந்தது, அந்தக் காலத்தில் வந்ததே, அந்தத் தூக்கம்.

எந்த மூச்சோடு நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. கப்பல்காரருக்குத் தெரிந்திருக்கிறது. இடம் விட்டவர், தொடரவில்லை.

நர்ஸ் வந்து பார்த்தார், தலையாட்டினார், டாக்டருக்குச் சொல்லப் போனார். சமூகப் பணியாளர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவர் கை அவள் முதுகில் இருந்தது. மகள் அழுதாள், சத்தம் வரும்படியே அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கப்பல்காரர் அசையாமல் இருந்தார். கைகள் மடியில் கிடந்தன. ஜன்னலைக்கூடப் பார்க்கவில்லை. கழுத்துவரை போட்ட பொத்தானுக்குள் அவர் சிறுத்துப்போயிருந்தார். இனி இவருக்கு ஒரு ஆளைக் கொண்டுவந்து போடுவார்கள், அவன் "அப்படிங்களா" என்பான்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஐயா, இது நேர் கிழக்கு."

அவர் திரும்பவில்லை.

"வடகிழக்குன்னு நீங்க சொன்னது தப்பு. தெற்குன்னு சொன்னது அதைவிடத் தப்பு. உங்களுக்குத் திசையே தெரியாதுன்னு அப்பா சொல்லுவார். சரியாத்தான் சொல்லியிருக்கார்."

மெல்ல, கழுத்து திரும்பியது. சிவந்த கண்கள் அவளை மேலும் கீழும் அளந்தன.

"யாருக்குத் திசை தெரியாது?"

"உங்களுக்குத்தான்."

"பொஸ்தகம் அடுக்கற பொண்ணு நீ. உனக்கு என்னம்மா தெரியும்? இந்த மாசத்துல சூரியன் எங்க உதிக்கும்னு தெரியுமா?"

"எந்த மாசமா இருந்தா என்ன? ஜன்னல் சுவத்துல இருக்கு, சூரியன்லயா இருக்கு?"

"அடேயப்பா! அவன் பேச்சு அப்படியே வருது பாரு! இங்க வா, இந்தக் கம்பியோட நிழல் எப்படி விழுதுன்னு பாரு. சாஞ்சு விழுதா இல்லையா?"

"நிழல் சாயலை. நீங்கதான் சாஞ்சு உக்காந்திருக்கீங்க."

அவர் குரல் கம்மியிருந்தது. அவள் கைநீட்டிச் சின்ன மேஜையிலிருந்த கூஜாவைச் சாய்த்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். அவர் நிழலின் கோணத்தை விளக்கிக்கொண்டே அதை வாங்கி, குடித்து, திருப்பிக் கொடுத்தார். "முடியாதுய்யா, நேர் கிழக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் வாங்கி வைத்தாள்.

வெயில் அப்பாவின் மார்புவரை வந்திருந்தது.